மேலே நிற்பவர்கள்

உள்ளே போகிறோம் நைனா, கீழே போன் எடுக்காது, மேலே வந்ததும் நானே பேசுகிறேன் என்று சொல்லி யசோதரா வைத்துவிட்ட பிறகும் எத்திராஜ் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்தார். நெஞ்சு இழுக்கிற சத்தத்தில் மணியடிப்பது கேட்காமல் போய்விடுமோ என்று ஜன்னல் கட்டைக்கு மாற்றினார். அங்கே வெயில் ஏறிவிடும். கையே தேவலை என்று கையில் வைத்துக்கொண்டு அந்த லைன் வீட்டின் முன்னறைக்கும் பின்கதவுக்கும் நடந்தார். நடக்க அப்படியொன்றும் இடமில்லை, திரும்புவதற்குத்தான் நேரம் சரியாக இருந்தது. மகள் இருப்பது ராஜஸ்தானில், ஒரு துத்தநாகச் சுரங்கத்தில். வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளும் மேலேதான் பயிற்சி, ஆபீஸ், வகுப்பு. இன்றைக்குத்தான் முதல் முதலாகப் பூமிக்குள் இறங்குகிறாள். முந்தின நாள் சாயங்காலம் பேசும்போது, "நைனா, நீ அத்தினி வருசம் கீழ போய் வந்தவன்தானே, எனக்கு எதுனா சொல்லேன்" என்று கேட்டாள். அவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து நின்றன. கடைசியில் வெளியே வந்தது, "ஷூவ டைட்டா கட்டு" என்பது மட்டும்தான். அவள் சிரித்தாள். சரி நைனா என்றாள். ஷூவை டைட்டாகக் கட்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. மூன்று தலைமுறையாகத் தங்கவயலில் பூமியைக் குடைந்த குடும்பத்தில் பிறந்தவன், பெற்ற பெண் முதல் நாள் உள்ளே இறங்கும்போது கொடுத்தனுப்பிய புத்தி அது. வேறு என்ன சொல்லியிருக்கலாம். கால் வைப்பதற்கு முன்னால் தலைக்கு மேலே பார், தரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். பாறை பேசும், பேசினால் கேள், பேசாமல் இருந்தால் இன்னும் நன்றாகக் கேள் என்று சொல்லியிருக்கலாம். எலி ஓடினால் எதற்கு ஓடுகிறது என்று யோசிக்காதே, நீயும் ஓடு. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, இப்போது அவள் போன் எடுக்காத இடத்தில் இருக்கிறாள், ஷூவை மட்டும் டைட்டாகக் கட்டிக்கொண்டு.

கூண்டில் நிற்கிறாள். அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. இரும்புக் கம்பிக் கூண்டு, உள்ளே தோளோடு தோள் இடிக்கும் ஆம்பிளைகள், நடுவில் யசோதரா, மஞ்சள் தொப்பிக்குள் கொண்டையைச் சொருகிக்கொண்டு. மணி அடிக்கிறது. காலுக்குக் கீழே தரை போகிறது. இல்லை இல்லை என்று அவரே அதை அழித்தார். அங்கே கூண்டே கிடையாது, அவள்தான் விளக்கமாகச் சொன்னாளே. மலையைச் சுற்றிப் போகிற ரோடு மாதிரி உள்ளுக்குள்ளேயே சரிவாக ரோடு போட்டிருக்கிறார்கள், ஜீப்பில் உட்கார்ந்தபடியே இறங்கிவிடுவோம் நைனா, லைட் எல்லாம் இருக்கும், காற்று வரும், கீழேயே உட்கார்ந்து சாப்பிட ரூம் இருக்கு என்று. அவர் ஜீப்பை நினைத்துப் பார்த்தார். ஜீப்பும் வந்தது, சரிவான ரோடும் வந்தது, கொஞ்ச தூரம் போனதும் அந்த ஜீப் போய்க் கூண்டுக்குள் நின்றது, மணி அடித்தது, தரை போனது. அவருக்குத் தெரிந்த பூமி ஒன்றுதான், அதற்கு வாசலும் ஒன்றுதான். முதல் நாள் அந்தக் கூண்டில் அவர் இறங்கியபோது காது இரண்டும் அடைத்துக்கொண்டன, வயிறு மேலேயே தங்கிவிட்டது, உடம்பு மட்டும் போனது. பக்கத்தில் நின்ற ஆள் எச்சில் முழுங்கு, முழுங்கு என்று சொல்லிக்கொண்டே வந்தான். எச்சில் ஏது. கீழே போய்ச் சேர்ந்ததும் முகத்தில் அடித்த அந்தச் சூடு, இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி, அதோடு ஒரு வாசனை, வெடிமருந்தும் வியர்வையும் நனைந்த மரமும் சேர்ந்த வாசனை, அது இன்றைக்கும் எங்கேயாவது கட்டிடம் இடிக்கிற இடத்தைத் தாண்டினால் மூக்கில் வந்து உட்கார்ந்துவிடும். அன்றைக்கு அவருடைய அம்மா லைன் முனை வரைக்கும் கூடவே வந்து நின்றாள். கூட வந்த பையன்களுக்கு முன்னால் அது வெட்கமாக இருந்தது. "நீ போம்மா, இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற" என்று அதட்டினார். அவள் போகவில்லை. ஷிப்டு முடிந்து மேலே வந்து, கண் கூசிக் கூசி நடந்து வந்தபோதும் அதே முனையில் நின்றாள். நடுவில் வீட்டுக்குப் போய் வந்திருப்பாள், சமைத்திருப்பாள், தண்ணீர் பிடித்திருப்பாள் என்றுதான் அவர் நினைத்தார். உண்மையில் நினைக்கவே இல்லை. மேலே இருக்கிறவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கீழே இருக்கிற எவன் நினைத்தான். கீழே இருக்கும்போது மேலே என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். துளை போடுகிற மெஷினின் அதிர்ச்சி தோளில் இருக்கும், தண்ணீர்த் தாகம் இருக்கும், முன்னால் பாறை இருக்கும். அவ்வளவுதான் உலகம்.

"நீ நடந்து நடந்து எனக்குத் தல சுத்துது" என்றாள் அமுலு. அவர் மனைவி. அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்நேரம் மேல வந்திருக்குமா?" என்று அவர் கேட்டார். "இப்பதான் எறங்கியிருக்கும். அதுக்குள்ள எங்கேர்ந்து வரும். ஷிப்டுன்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா?" தெரியும். கீழே இருந்தால் ஷிப்டு எவ்வளவு நீளம் என்று நன்றாகத் தெரியும். மேலே அதன் நீளம் வேறாக இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்லவில்லை. அமுலு உருவிய காம்பை ஒரு பக்கம் போட்டாள். அவள் கை நிதானமாக இருந்தது. அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. பெற்றவள்தானே இவளும். "மார்க்கெட்டுக்குப் போய்க் கருவாடு வாங்கினு வா, போ. கீரைக்கு நல்லா இருக்கும்" என்றாள். அனுப்புவதற்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. இருந்தாலும் செருப்பை மாட்டினார். மூச்சுக்கு இழுக்கிற பம்பு ஒரு பையில், போன் ஒரு பையில். வாசலில் இறங்கியதும் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் கட்டைகள் நிமிர்ந்து நின்றன. மறுபடி பையில் போட்டார்.

காற்று அன்றைக்குச் சயனைடு மலைப் பக்கமிருந்து வீசியது. சுரங்கத்திலிருந்து தோண்டியெடுத்து, அரைத்து, தங்கத்தை உறிஞ்சிக்கொண்டபின் கொட்டிய மண் அது, தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி ஊருக்கு ஒரு மலைத்தொடரே உண்டாகிவிட்டது. காற்று அடித்தால் வெள்ளைப் புழுதி வந்து கொடியில் காயும் துணியிலும் சோற்றிலும் இறங்கும். தாத்தா வெட்டியதும் அதில் இருக்கிறது, நைனா வெட்டியதும் இருக்கிறது, தான் வெட்டியதும் இருக்கிறது என்று எத்திராஜ் யசோதராவிடம் ஒரு தடவை சொன்னார், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது. அப்படியானால் அது நம்ம மலையா நைனா என்று கேட்டாள். இவளுடைய சுரங்க ஆசை அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். அல்லது சுரங்கக் கோபுரத்தின் சக்கரத்தை அவளுக்குக் காட்டி, இது சுற்றினால் நான் இறங்குகிறேன் என்று அர்த்தம் என்று சொன்னாரே, அதிலா. சுரங்கத்தை மூடியபோது அவளுக்கு நாலைந்து வயது இருக்கும். ஊரில் பாதிப் பேர் விடிவதற்கு முன்னால் பெங்களூர் ரயில் ஏறினார்கள், அவரும் ஏறினார், பெயின்ட் அடித்தார், வாட்ச்மேனாக நின்றார், நெஞ்சு ஒத்துழைக்காமல் போனதும் வீட்டோடு உட்கார்ந்தார். இவள் படித்து, எந்தப் படிப்பு வேண்டுமானாலும் கிடைக்கிற மார்க் வாங்கி, சுரங்கப் படிப்பை எடுத்தாள். பொட்டப் பிள்ளைக்கு அது எதற்கு, உள்ளேயே விடமாட்டார்கள், சட்டமே இடம் தராது என்று அவர் கத்தினார். சட்டத்தை மாற்றினார்கள். அவர் கத்தினது ஒரு பக்கம் இருக்கட்டும், டீக்கடையில் போய் உட்கார்ந்து, எங்க வீட்டில் நாலாவது தலைமுறையும் சுரங்கம்தான், ஆனால் இது துரை மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு இறங்கப்போகிறது என்று சொன்னதும் அவர்தான். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. இழுப்புகூட இல்லை அன்றைக்கு. இப்போது அந்த டீக்கடைக்கு எதிர்ச்சாரியில் ஒதுங்கி நடந்தார். இன்னைக்குத்தானே எத்திராஜு உன் பொண்ணு எறங்குது என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கத்தினது பயத்தாலா, பெருமை பேசினது பயத்தாலா. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது போல இருந்தது, அதை மேலே யோசிக்க முடியவில்லை, போனை எடுத்துப் பார்த்தார்.

கருவாட்டுக் கடைக்குத் திரும்பவேண்டிய இடத்தில் கால் திரும்பவில்லை. அது பழைய வழியில் போய் முள்கம்பி வேலி ஓரத்தில் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது, அதற்கு மேலே துருப்பிடித்த இரும்புக் கோபுரமும் சக்கரமும். கீழே இருக்கிற பள்ளமெல்லாம் இப்போது தண்ணீர். அவர் உட்கார்ந்து சாப்பிட்ட இடம், சாய்ந்து தூங்கிய இடம், ஒருநாள் கூட வேலை செய்த சவரியோடு மாட்டிக்கொண்ட இடம், எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கிறது, ஆழத்தில், வெளிச்சம் இல்லாமல். சவரி இப்போது இல்லை, நெஞ்சுப் புழுதிதான் அவனையும் கொண்டுபோனது. ஆனால் அன்றைக்கு இரண்டு பேரும் சாகவில்லை. பாறை வெடிப்பு என்பார்கள் அதை. ஆழத்தில் பூமி தன் பாரம் தாங்காமல் ஒரு தரம் உதறும், அவ்வளவுதான், அதற்கு யாரும் பொறுப்பில்லை. உதறியபோது முதலில் வந்தது காற்றுதான், ஒரு அறை மாதிரி, அதற்குப் பிறகுதான் சத்தம். கண் திறந்தபோது முன்னாலும் பின்னாலும் அடைத்திருந்தது. நடுவில் ஒரு மாட்டுவண்டி நிறுத்துகிற அளவு இடம். காற்றுக் குழாய் எப்படியோ உடையாமல் புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது. சவரி அவர் விளக்கை அணைக்கச் சொன்னான், ஒன்று எரிந்தால் போதும், பிறகு அதுவும் வேண்டாம் என்றான். இருட்டில் அவன் பேசிக்கொண்டே இருந்தான். மச்சான் கல்யாணத்துக்குப் பேண்ட் தைக்கக் கொடுத்தானாம், டெய்லர் இடுப்பளவு தப்பாக எடுத்துவிட்டானாம், துணி மிச்சம் இருக்கும், அதைத் திருப்பித் தருவானா, கேட்டால் அசிங்கமா. எத்திராஜுக்கு இன்றைக்கும் அந்த டெய்லர் மேல் கோபம் வரும். கேளு சவரி, நம்ம துணிதானே என்றார். பிறகு கால் மரத்துப்போனது. பிறகு தாகம். பிறகு, சொன்னால் யார் நம்புவார்கள், பாறையில் சாய்ந்து தூங்கிவிட்டார். கனவுகூட வந்தது. பயம் என்று எதைச் சொல்வது. நெஞ்சு அடித்தது, ஆமாம். ஆனால் இன்றைக்குக் காலையிலிருந்து வயிற்றுக்குள் எலி ஓடுகிற மாதிரி ஓடுகிறதே, இது, இது அங்கே இல்லவே இல்லை. ஒரு தடவைகூட அமுலுவை நினைக்கவில்லை. தவழுகிற பிள்ளை யசோதராவை நினைக்கவில்லை. வேலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது அவருக்குப் புதிதாகத் தெரிந்தது, இத்தனை வருஷத்துக்கும் பிறகு. கீழே இருந்தபோது பயம் மேலேதான் இருந்திருக்கிறது. அதை யாரோ அவருக்காகத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அமுலுதான். அவர் பார்த்தாரே. தோண்டி எடுத்துக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்தபோது வெளிச்சம் ஊசியாகக் கண்ணில் இறங்கியது, கூட்டம் வெறும் நிழலாகத்தான் தெரிந்தது, அதில் ஒரு பச்சை. நனைந்து உடம்போடு ஒட்டிய பச்சைச் சேலை, இடுப்பில் பிள்ளை. பிள்ளை கையை நீட்டியது. மழையில் நின்றிருக்கிறாள். அதற்குள் கம்பளியைப் போட்டு மூடி ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பச்சையை வைத்துக்கொண்டுதான் அவர் இவளோடு வாழ்ந்தார் என்று சொன்னால் தப்பில்லை. எத்தனையோ சண்டை, எத்தனையோ நாள் பேசாமல் இருந்தது, எல்லாவற்றின் அடியிலும் அது இருக்கும், எனக்காக நனைந்துகொண்டு நின்றவள் என்று. கோபம் அதற்கு மேல் ஏறாது.

வேலியை விட்டு வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. கருவாட்டுக் கடையில் இரண்டு பொம்பிளைகள் அவருக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஒருத்தி நெத்திலியைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வயதுதான் இருக்கும் இரண்டு பேருக்கும், லைன் வீட்டுக்காரிகள், முகம் தெரியும், பெயர் தெரியாது. அப்போது ரோட்டில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. தரை லேசாக அதிர்ந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் சோடா பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிண் என்றன. அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். கை நெத்திலியில் அப்படியே நின்றது. லாரி போய்விட்டது, பாட்டில் அடங்கிவிட்டது, அவர்கள் மறுபடி குனிந்துகொண்டார்கள், ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, தலையைத் தூக்கியதே அவர்களுக்குத் தெரியாது போலிருந்தது. சுரங்கத்தை மூடி இத்தனை காலமாகிவிட்டது. தட்டுமுட்டுச் சாமான் ஆடினால் தலையைத் தூக்க வேண்டும், சுரங்கத்தில் ஆபத்துச் சங்கு ஊதுகிறதா என்று கேட்க வேண்டும், ஊதினால் போட்டது போட்டபடி ஓட வேண்டும் என்று பழகிய அந்த உடம்புகளிடம் யாரும் இன்னும் போய் நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்குத் தலை தூக்கத் தெரியவில்லை. அவர் எப்போதும் அடியில் இருந்தவர். ஆனால் கால் இப்போது நிற்கவில்லை. ராஜஸ்தானில் பாறை எப்படி, அது உதறுகிற ஜாதியா, அமைதியான ஜாதியா, அவளைக் கேட்கவே இல்லையே, ஷூவைப் பற்றிப் பேசினோமே என்று நினைத்தார். "இன்னா வேணும்ணா?" என்று கடைக்காரன் கேட்டபோது அவர் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார். ஏற்றத்தில் மூச்சு முட்டியது. நின்று பம்பை இழுத்தார். போனைப் பார்த்தார். நடந்தார். மறுபடி நின்றார்.

அமுலு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கையைப் பார்த்தாள், கேட்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். மூச்சு கட்டுப்பாட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தார், வந்ததும், "அன்னிக்கி எப்டி நின்ன நீ?" என்று கேட்டார். "என்னிக்கி?" "நானும் சவரியும் மாட்டிக்கினோமே. மழையில நின்னியே, பச்சச் சேல கட்டிக்கினு, புள்ளைய வெச்சிக்கினு. எனக்கு இன்னிக்கிக் காலைலேர்ந்தே முடியல அமுலு. நீ எப்டி அத்தினி நேரம் நின்ன?" அமுலு கீரை உருவுவதை நிறுத்தினாள். அவரைப் பார்த்த பார்வையில் குழப்பம் இருந்தது. "மழையா? மாசி மாசத்துல ஏது மழ?" என்றாள். பிறகு, "எங்கிட்ட பச்சச் சேலையே கெடயாது அப்ப. எங்கம்மா பச்ச ஆவாதுன்னு வாங்கவே உடாது." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "அய்ய, அது நவநீதம்" என்றாள். நவநீதம் மூன்றாவது வீட்டுக்காரி. பலராமனுடைய சம்சாரம். பலராமன் அன்றைக்கு அதே மட்டத்தில், இன்னும் கொஞ்சம் உள்ளே வேலையில் இருந்தான், அவனை மறுநாள்தான் எடுத்தார்கள், உயிரில்லாமல். "அது கொழாயடியில தலைக்கு ஊத்திக்கினு இருந்துச்சி. அலமாரில பாத்திரம்லாம் உருண்டு, சங்கு ஊதுனதும் அப்டியே ஈரத்தோட ஓடியாந்துச்சி. வா போலாம்னு கூப்புட்டுச்சி. நான் போவல." "போவலயா?" "போவல. போய் நின்னா நீ செத்துட்டேன்னு ஒத்துக்கினா மாதிரின்னு தோணுச்சி. கால் வரல. புள்ள வேற கத்துது. நவநீதம் பாத்துச்சி, புள்ளைய எங்கிட்டேர்ந்து புடுங்கி இடுப்புல வெச்சிக்கிச்சி. நீ இரு, நான் ரெண்டு பேரையும் பாத்துட்டு வந்து சொல்றேன்னு போச்சி. நான் கதவ சாத்திக்கினு துணி தொவச்சேன். அழுக்குத் துணி தீந்துபோச்சி. பொட்டில மடிச்சி வெச்சிருந்தத எடுத்துத் தொவச்சேன். உன் கல்யாண வேட்டியக்கூட."

எத்திராஜின் கண்ணுக்குள் அந்தப் பச்சை அப்படியேதான் இருந்தது, முகம் மட்டும் கழன்று விழுந்துவிட்டது. அப்படியானால் கூட்டத்தில் நின்றது நவநீதம், கூண்டுக் கதவு திறக்கிறபோது யார் யார் வருகிறார்கள் என்று பார்த்து நின்றாள். ஒரு முகம் வெளியே வந்திருக்கிறது. மண் அப்பிய முகம், எல்லோருக்கும் ஒரே முகம்தான் அந்த நேரத்தில். அவளுடைய ஆளா என்று பார்த்திருப்பாள். இல்லை. இடுப்பில் இருந்த பிள்ளை கையை நீட்டியதும் யாருடைய ஆள் என்று தெரிந்திருக்கும். "அப்புறம்?" என்று கேட்டார். "ஓடியாந்து கதவத் தட்டுச்சி. புள்ளைய என் கையில குடுத்துட்டு, உன் ஆளு வந்துட்டாரு, காலுதான் வீங்கிக் கீது, வேற ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சி. சிரிச்சிச்சி, நெஜமா. எனக்காவ சந்தோசப்பட்டுச்சி. அப்புறம் திரும்பிப் போய் நின்னுக்கிச்சி." அமுலு ஒரு காம்பை எடுத்தாள், உருவாமல் கையிலேயே வைத்திருந்தாள். "சேல அப்பகூட முழுசா காயல. மாத்திக்கினு போயேன்னு சொன்னேன். வேணான்னிச்சி." நவநீதம் பிறகு கொஞ்ச நாளில் குப்பம் என்கிற ஊருக்குத் தாய் வீட்டோடு போய்விட்டாள். அவளைப் போய்ப் பார்த்தோமா. காரியத்துக்குப் போனோம், ஆமாம், கால் கட்டோடு கடைசியில் நின்றோம், அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை, உயிரோடு வந்தவன் எந்த முகத்தோடு பார்ப்பது. "இத்தினி வருசமா ஏன் சொல்லல நீ?" என்றார். குரலில் சூடு ஏறியிருந்தது, யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. அமுலு நிதானமாகச் சொன்னாள், "நீ கேக்கல. கீழ இன்னா ஆச்சின்னு நானும் கேக்கல. நீயும் சொல்லல. அந்தப் பேச்சே நம்ம ஊட்ல கெடயாதே." கெடயாதுதான். எந்த வீட்டிலும் கிடையாது. ஆம்பிளைகள் கீழே நடந்ததைக் கீழேயே விட்டு வருவார்கள், பொம்பிளைகள் மேலே நடந்ததைக் கொல்லையில் கழுவி விடுவார்கள், நடுவில் சோறு. எனக்காக நனைந்தவள் இல்லையா இவள் என்று ஒரு நிமிஷம் உள்ளே எதுவோ சரிந்தது. பெட்டியில் மடித்து வைத்த கல்யாண வேட்டியை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கல்லில் அடித்து அடித்துத் துவைக்கிற ஒரு பெண் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள். இவளை அவர் பார்த்ததே இல்லை. இவளோடு இனிமேல்தான் பழக வேண்டும் போலிருந்தது. சவரியின் பேண்ட்டைப் பற்றி இவளிடம் சொல்லலாமா. சொல்ல ஆரம்பித்தார். "அங்க இருட்டுல சவரி ஒரு டெய்லர் கதைய சொன்னான்" என்றார். அப்போது போன் அடித்தது.

கையில்தான் இருந்தது, எடுக்க வரவில்லை. விரல் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் தடுமாறியது. "நைனா, வந்துட்டேன்" என்றாள் யசோதரா. பின்னால் வண்டிச் சத்தம், யாரோ இந்தியில் கூப்பிடுகிறார்கள். அவர் ம் என்றார். "கேக்குதா நைனா? ஹலோ? மேல வந்துட்டேன். குளிக்கல, சாப்புடல, மொதல்ல உனக்குத்தான் போன் பண்றேன்." அவர் மறுபடி ம் என்றார், இந்தத் தடவை சத்தமாக. அவள் பேசிக்கொண்டே போனாள். உள்ளே நினைத்த அளவு சூடு இல்லையாம். ஒரு இடத்தில் பாறை நரம்பு மினுமினு என்று ஓடியதாம், தொட்டுப் பார்த்தாளாம். கூட இறங்கிய இன்னொரு பெண் ஒடிசாக்காரி, அவள் கீழே இருந்த நேரமெல்லாம் தன் நாத்தனாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாளாம், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறதாம். "உனக்கு பயமா இருந்துச்சா?" என்று அவர் கேட்டார். யசோதரா கொஞ்சம் யோசித்தாள். "இல்ல நைனா. எறங்குற வரைக்கும் இருந்துச்சி. உள்ள போயிட்டா அது ஞாபகமே வரல. தப்பா?" "தப்பில்ல. அப்டித்தான் இருக்கும்" என்றார் எத்திராஜ். "அம்மாகிட்ட குடுக்கறேன்." அமுலு போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டியா, போய் சாப்புடு, அப்புறம் பேசலாம் என்று மட்டும் சொன்னாள். அணைத்துத் தரையில் வைத்தாள். கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் சித்த படுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே, அடுப்படி வாசலிலேயே, முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்துச் சாய்ந்தாள். படுத்த உடனே தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. காலையிலிருந்து ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வந்தது. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோறு தட்டில் தயாராக இருக்கும், அவர் தின்று, படுத்து, குறட்டை விடுவார். இவள் எப்போது படுத்தாள் அந்த வருஷங்களில்.

பசித்தது. அடுப்பைப் பார்த்தார், உலை ஏற்றவில்லை. அவளைத் தாண்டி மெதுவாக உள்ளே போனார். அரிசி எங்கே இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு போட வேண்டும் என்று தெரியவில்லை. கையால் அள்ளிப் போட்டார், கம்மியாகத் தெரிந்தது, இன்னொரு கை போட்டார். கழுவினார். தண்ணீர் ஊற்றினார், போதுமா என்று பார்த்தார், இன்னும் ஊற்றினார். தீப்பெட்டி தேடி டப்பா டப்பாவாகத் திறந்தார், சத்தம் வராமல் திறப்பது கஷ்டமாக இருந்தது. அடுப்பு பற்றியதும் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குப்பத்தில் நவநீதம் உயிரோடு இருப்பாளா. யாரைக் கேட்டால் தெரியும். கேட்டுப் போய் நின்றால் என்ன சொல்வது. உலை கொதித்து மூடியைத் தூக்கியது. துணி வைத்துப் பிடித்து மூடியை எடுத்தார், நுரை அடங்கியது. நாளைக்கும் அவள் இறங்குவாள். நாளை மறுநாளும். பழகிவிடும் என்று யாராவது சொன்னால் இனி அவர் நம்பப்போவதில்லை. அமுலு எழுந்து வந்தபோது வெயில் வாசலை விட்டுப் போயிருந்தது. அடுப்படியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் சோறு போட்டார். நேற்றைய ரசமும் ஊறுகாயும் இருந்தன. அமுலு பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கஞ்சி மாதிரி விரல் இடுக்கில் வழிந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முழுங்கிவிட்டு இன்னொரு வாய் எடுத்தாள்.

"கொழஞ்சி போச்சி" என்றாள். "நாளைக்கி தண்ணி கொறச்சி வெய்யி."